மியாஸ்மா: கிரேக்கத் தெய்வ வழிபாட்டில் தீட்டும் தீட்டுக்கழிப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சில வருடங்களாக நண்பர்களோடு சேர்ந்து கிரேக்க நாடகங்களை வாசித்து வருகிறேன். எந்த நாடகத்தை எடுத்தாலும் பாதி வழியில் யாராவது ஒருவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "இந்தத் தீட்டு விஷயம் மட்டும் பிடிபடவே இல்லை" என்பார். இப்போது வேறு சிலரும் எழுதிக் கேட்கிறார்கள். கிரேக்கத் தெய்வங்களை இன்றும் வழிபடுகிறவர்களைப் பற்றிப் படித்துவிட்டு, தாங்களும் வீட்டில் அடுப்புத் தெய்வமான ஹெஸ்டியாவுக்கு விளக்கேற்றத் தொடங்கிய இளையவர்கள் அவர்கள். அவர்களுடைய கேள்விகளில் பயம் தெரிகிறது. அந்தப் பயத்தில் பாதிக்கு மேல் தேவையில்லாதது என்று நினைக்கிறேன். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

1. மியாஸ்மா என்றால் என்ன? பாவம் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. இது தெளிவானால் மீதியெல்லாம் எளிது. மியாஸ்மா என்றால் கறை. அதன் வேர்வினைக்குச் சாயமேற்றுவது, கறைபடுத்துவது என்று பொருள். ஹோமரின் போர்க்காவியமான இலியட்டின் நான்காம் காண்டத்தில் மெனெலாவோஸ் என்ற அரசன் அம்புபட்டு நிற்கிறான்; ரத்தம் தொடைவழியாகக் கணுக்கால்வரை இறங்குகிறது. குதிரையின் கன்னத்தில் அணிவிக்க வேண்டிய தந்தத் துண்டுக்கு ஒரு பெண் செஞ்சாயம் ஏற்றுவதை ஹோமர் அங்கே உவமையாகச் சொல்கிறார். அந்தச் சாயமேற்றலுக்கு அவர் போடும் வினைச்சொல் இதேதான். அந்தப் பெண் செய்வது அழகான வேலை, அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

அப்படி ஏதோ ஒன்று நம்மேல் படிந்திருக்கிறது, அதைக் கழுவாமல் தெய்வத்தின் முன்னால் போகக் கூடாது. அடிப்படை அவ்வளவுதான். தாயைப் பறிகொடுத்த மகளுக்கும் மியாஸ்மா உண்டு, தாயைக் கொன்ற மகனுக்கும் உண்டு. முதலாமவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவளுடையது நாள் கணக்கில் தானாகவே கழியும். அவனுடையது அப்படிக் கழியாது.

2. நம்ம ஊர்த் தீட்டு மாதிரிதானே இதுவும்?

பிறப்பு, இறப்பு, நாள் கணக்கு, தண்ணீர் என்று பார்த்தால் ஒற்றுமை நிறைய. நானும் இங்கே தீட்டு என்றே எழுதுகிறேன். தமிழில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்கவில்லை. ஆனால் நம் ஊரில் இந்தச் சொல் சாதியோடு சேர்ந்து மனிதர்களையே தீண்டத்தகாதவர்களாக்கியது. மியாஸ்மா ஒரு நிகழ்ச்சியால் வருவது. ஒருவர் செத்தார், ஒரு குழந்தை பிறந்தது, ஒருவன் கொலை செய்தான் என்றால் வரும். சடங்கு முடிந்தால் போகும். பிறந்த குலத்தை வைத்து ஒரு பெருங்கூட்டத்தை என்றென்றைக்கும் தீட்டு என்று அது ஒதுக்கவில்லை. (பரம்பரையாகத் தொடரும் ஒரு வகை உண்டு. அது 12ஆம் கேள்வியில் வருகிறது.)

அதற்காகக் கிரேக்கர்கள் சமத்துவம் பேசியவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே அடிமைகள் இருந்தார்கள். அந்தக் கொடுமைக்குத் தீட்டு என்ற காரணம் தேவைப்படவில்லை.

3. எதெல்லாம் மியாஸ்மா? ஒரு பட்டியல் கிடைக்குமா?

எல்லா ஊருக்கும் பொதுவான பட்டியல் கிடையாது, ஏனென்றால் கிரேக்கர்களுக்கு ஒரே வேதநூலும் இல்லை, ஒரே குருபீடமும் இல்லை. ஒவ்வொரு நகரமும், ஏன், ஒவ்வொரு கோயிலும் தன் விதியைக் கல்லில் வெட்டி வைத்தது. பெரும்பாலானவற்றில் வருபவை நான்கு: சாவு, பிரசவம், உடலுறவு, கொலை.

இன்றைய லிபியாவின் கரையில் இருந்த சைரீன் நகரத்தின் விதிகள் கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் இருக்கின்றன. இரவில் மனைவியோடு படுத்தவன் காலையில் தாராளமாகப் பலியிடலாம். பகலில் என்றால் குளித்துவிட்டுப் போக வேண்டும். பெர்கமோன் நகர அதீனா கோயிலின் விதி இன்னும் வியப்பானது. சொந்தக் கணவனோடோ மனைவியோடோ கூடியவர் அன்றைக்கே கோயிலுக்கு வரலாம். பிறர் மனைவியோடோ பிறர் கணவனோடோ கூடியவர் குளித்துவிட்டு மறுநாள் வரலாம். வித்தியாசம் ஒரே ஒரு நாள்! ஏதென்ஸ் இதில் கடுமையானது. சோரம் போனதாகப் பிடிபட்ட பெண் பொதுக் கோயில்களுக்குள் நுழையவே கூடாது என்றது அந்த ஊர்ச் சட்டம். ஊருக்கு ஊர் வேறுபாடு இவ்வளவு பெரியது.

4. குழந்தை பிறப்பது சந்தோஷமான விஷயம். அது எப்படி அசுத்தமாகும்?

நாடகக் குழுவில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கிரேக்கத் தெய்வங்களுக்கு அவர்கள் வைத்த பெயரே 'சாவில்லாதவர்கள்'. மனிதனுக்குத் தொடக்கமும் உண்டு, முடிவும் உண்டு. அந்த இரண்டு வாசல்களிலும் உடல் தன் முழு இயல்போடு, ரத்தமும் நீருமாக வெளிப்படுகிறது. அந்த நேரத்தில் சாவில்லாதவர்களின் இடத்துக்குப் போகாமல் சற்று ஒதுங்கியிரு என்பதுதான் விதி. யூரிபிடீஸின் 'ஹிப்போலிடஸ்' நாடகக் கடைசியில் ஆர்ட்டெமிஸ் என்ற பெண்தெய்வம் சாகக் கிடக்கும் தன் அன்பன் ஹிப்போலிடஸை விட்டு விலகும்போது, இறந்தவர்களைப் பார்ப்பதும் கடைசி மூச்சால் என் கண்ணைக் கறைப்படுத்திக்கொள்வதும் எனக்கு ஆகாது என்கிறாள். அவள் அவனை வெறுக்கவில்லை. அவன்மேல் உயிரையே வைத்திருந்தவள், ஆனாலும் போகத்தான் வேண்டும்.

இதை ஒரு தீவு முழுவதற்கும் விதியாக்கினார்கள். டெலோஸ் அப்பல்லோ பிறந்த தீவு. கோயிலிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம்வரை இருந்த கல்லறைகளை முதலில் ஏதென்ஸின் ஆட்சியாளர் பெய்சிஸ்ட்ராடஸ் அகற்றினார். பிறகு கி.மு. 426 குளிர்காலத்தில் ஏதென்ஸ்காரர்கள் மொத்தக் கல்லறைகளையும் தோண்டி எடுத்து, இனி இந்தத் தீவில் யாரும் சாகவும் கூடாது, பிரசவிக்கவும் கூடாது என்று அறிவித்தார்கள். நிறைமாதக்காரிகளும் சாகக் கிடப்பவர்களும் பக்கத்துத் தீவான ரெனேயாவுக்குப் படகில் கொண்டுபோகப்பட்டார்கள். அது எவ்வளவு பக்கம் என்றால், சாமோஸ் தீவின் ஆட்சியாளர் பொலிக்ரடீஸ் அதைச் சங்கிலியால் டெலோஸோடு பிணைத்து அப்பல்லோவுக்குக் காணிக்கையாக்கினார் என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். அப்போது ரெனேயாவில் கொண்டுபோய்ப் புதைத்த பொருள்கள் பின்னாளில் அகழ்ந்து எடுக்கப்பட்டன. இன்று அவை மிக்கோனோஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இந்த விதி ஏழைகளை வாட்டியதும் உண்மை. எபிடாரஸில் நோய் தீர்க்கும் தெய்வமான அஸ்க்லேபியஸின் கோயில் எல்லைக்குள்ளும் இதே தடை இருந்தது. நோய் தீரவென்று வந்தவர்கள் வெட்டவெளியில் உயிர்விட்டார்கள், பெண்கள் கூரையில்லாத இடத்தில் பெற்றெடுத்தார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அன்டோனினஸ் என்ற ரோமானிய செனட்டர் அவர்களுக்கென்று ஒரு வீடு கட்டிக்கொடுத்ததாகப் பயண நூல் எழுதிய பவுசனியாஸ் பதிவுசெய்கிறார். அந்த ஒரு வரிக்காகவே பவுசனியாஸை எனக்குப் பிடிக்கும்.

5. தீட்டுப்பட்டவரைத் தொட்டால் எனக்கும் ஒட்டுமா? என்னைத் தொட்டவருக்கும்?

சைரீன் கல்வெட்டு இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. பிரசவித்தவள் அந்தக் கூரையைத் தீட்டாக்குகிறாள். கூரைக்குள் இருந்தவருக்கு மூன்று நாள் தீட்டு. ஆனால் அவர் எங்கே போனாலும் இன்னொருவரைத் தீட்டாக்க மாட்டார். அதாவது ஒரு கையோடு சங்கிலி அறுந்துவிடுகிறது. அதை எழுதியவர்களுக்கு இந்தக் கேள்வி கேட்பவர்களின் கவலை நன்றாகவே தெரிந்திருக்கிறது.

கொலைத் தீட்டு மட்டும் இப்படி அடங்குவதில்லை. அதை 9ஆம், 10ஆம் கேள்விகளில் பார்க்கலாம்.

6. சாவு வீட்டில் என்னென்ன செய்தார்கள்?

வாசலில் ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்தார்கள். உள்ளே போய்வந்தவர் வெளியே வரும்போது அதைத் தெளித்துக்கொள்வார். அந்த நீரை வேறொரு வீட்டிலிருந்து கொண்டுவருவது வழக்கம், ஏனென்றால் இந்த வீட்டுத் தண்ணீரும் தீட்டுதான். யூரிபிடீஸின் 'ஆல்செஸ்டிஸ்' நாடகத்தில் ஊர்க்காரர்கள் அரண்மனை முன்னால் வந்து, அரசி இறந்துவிட்டாளா இல்லையா என்று தெரியாமல் நிற்கிறார்கள். வாசலில் தண்ணீர்ப் பாத்திரத்தைக் காணோமே, அப்படியானால் உயிரோடுதான் இருக்கிறாள் போலும் என்று அவர்களுக்கு ஒரு சின்ன நம்பிக்கை வருகிறது. ஒரு வெற்று வாசலை வைத்தே யூரிபிடீஸ் நம் நெஞ்சைப் பிசைந்துவிடுகிறார்.

கேயோஸ் தீவில் யூலிஸ் என்ற ஊரின் சட்டம், மறுநாள் வீட்டை முதலில் கடல்நீரால் தெளித்துப் பிறகு நல்ல தண்ணீரால் கழுவச் சொல்கிறது. அதோடு வீடு தூய்மை. யார் யாருக்குத் தீட்டு என்றும் அதில் வரையறை உண்டு: தாய், மனைவி, சகோதரிகள், மகள்கள், இன்னும் சில நெருங்கிய உறவுப் பெண்கள். தீட்டு ஊர் முழுக்கப் பரவாமல் ஒரு கோடு போட்டுவிட்டார்கள்.

நெருப்பும் தீட்டாகும். ஆர்கோஸில் வீட்டில் சாவு விழுந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, துக்கம் முடிந்ததும் வேறு வீட்டிலிருந்து நெருப்பு வாங்கிவந்து மூட்டினார்கள் என்கிறார் பிற்கால எழுத்தாளர் புளூடார்க். கி.மு. 479இல் பிளாட்டீயாவில் பாரசீகப் படையை வென்ற பிறகு, எதிரிகளால் தீட்டான நெருப்பையெல்லாம் அணைத்துவிட்டு டெல்பியிலிருந்து புது நெருப்பு கொண்டுவரும்படி அப்பல்லோவின் வாக்கு வந்தது. யூகிடாஸ் என்ற பிளாட்டீயாக்காரர் ஓடினார். டெல்பியில் நீர் தெளித்துத் தன்னைத் தூய்மையாக்கி, லாரல் என்ற மரத்தின் இலையால் கட்டிய வாகைமாலை சூடி, பீடத்திலிருந்து நெருப்பை எடுத்துக்கொண்டு அன்று சூரியன் மறைவதற்குள் திரும்பிவிட்டார். போகவர ஆயிரம் ஸ்டேடியன், அதாவது ஏறக்குறைய 180 கிலோமீட்டர் தூரம். ஊராரை வணங்கி நெருப்பைக் கொடுத்ததும் விழுந்து இறந்துபோனார். அவரை ஆர்ட்டெமிஸ் கோயிலிலேயே புதைத்தார்கள். சாவும் கோயிலும் சேரக் கூடாது என்று 4ஆம் பதிலில் எழுதிய எனக்கு, இந்த மனிதருக்காக அவர்கள் செய்த விதிவிலக்கு மறக்க முடியாதது.

7. தினசரி வழிபாட்டுக்குக் கை கழுவினால் போதுமா? கெர்னிப்ஸ் என்கிறார்களே, அது என்ன?

போதும். கெர்னிப்ஸ் என்ற சொல்லுக்கே கை கழுவும் நீர் என்றுதான் பொருள். விடியலில் கழுவாத கையால் ஜீயஸுக்கோ மற்றத் தெய்வங்களுக்கோ திராட்சை ரசம் வார்க்காதே, வார்த்தால் அவர்கள் உன் வேண்டுதலைக் கேட்க மாட்டார்கள் என்கிறார் பழங்கவிஞர் ஹெசியட். இலியட் ஆறாம் காண்டத்தில் போர்க்களத்திலிருந்து வந்த ஹெக்டருக்கு அம்மா ரசக்கிண்ணம் எடுத்துவரப் பார்க்கிறாள். ரத்தமும் புழுதியும் அப்பிய கையோடு ஜீயஸுக்கு வார்க்கக் கூசுகிறேன், வேண்டாம் அம்மா என்கிறான் அவன். ஒடிசியில் டெலிமாக்கஸ் கடலில் கையை நனைத்துவிட்டு அதீனாவைக் கூப்பிடுகிறான். அவ்வளவு எளிமையானது.

பெரிய பலிகளில் பீடத்து நெருப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து நீரில் தோய்த்து, அந்த நீரைக் கூடியிருந்தவர்கள்மேல் தெளித்தார்கள். கோயில் வாசலில் இதற்கென்றே கல்தொட்டி உண்டு. கொரிந்து பக்கம் இஸ்த்மியாவில் கி.மு. 7ஆம் நூற்றாண்டுப் பளிங்குத்தொட்டி ஒன்று கிடைத்திருக்கிறது. சிங்கங்கள்மேல் நிற்கும் நான்கு பெண்கள் அதைத் தாங்குகிறார்கள்.

8. கடல்நீர்தான் வேண்டுமா? நான் இருப்பது மலையடிவார ஊர்.

கடல் மனிதர்களின் கேடுகளையெல்லாம் கழுவிவிடும் என்று யூரிபிடீஸின் இஃபிஜீனியா சொல்கிறாள். கடலின் இடம் பெரியதுதான். இலியட் முதல் காண்டத்தில் கொள்ளைநோய் நீங்குவதற்காகப் படை முழுவதும் தன்னைக் கழுவி அழுக்கைக் கடலில் போடுகிறது. எலூசிஸ் மறைச்சடங்கில் சேர்பவர்கள் 'கடலுக்கு' என்ற அறிவிப்பைக் கேட்டதும் ஆளுக்கொரு பன்றிக்குட்டியோடு போய்க் குளிப்பார்கள். அப்படிப் பன்றிக்குட்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவரைச் சுறா பிடித்துக்கொண்ட சம்பவத்தையும் புளூடார்க் எழுதியிருக்கிறார்.

ஆனால் கடல் இல்லாதவர்களும் கிரேக்கத்தில் இருந்தார்கள். மெனாண்டரின் நாடகம் ஒன்றில் மூன்று ஊற்றுகளின் நீரில் உப்பும் பருப்பும் போட்டுத் தெளித்துக்கொள்ளும்படி ஒருவனுக்குச் சொல்கிறார்கள். உப்புக் கலந்த சாதாரணத் தண்ணீர் உங்களுக்குப் போதும். ஓடும் ஆறு பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஆற்றில் இறங்குவதற்கு முன்னும் கைகழுவி வேண்டிக்கொள் என்பது ஹெசியடின் வாக்கு. தண்ணீர் தவிர நெருப்பும் கந்தகமும் உண்டு. ஒடிசியஸ் தன் வீட்டுக் கூடத்தில் அத்தனை பேரைக் கொன்றுவிட்டு, வயதான தாதி யூரிக்ளியாவிடம் முதலில் கேட்பது கந்தகமும் நெருப்பும்தான். புதுத்துணி கொண்டுவருகிறேன் என்கிறாள் அவள். முதலில் நெருப்பு என்று மறுத்துவிட்டுக் கூடம், வீடு, முற்றம் எல்லாம் புகைபோடுகிறான்.

9. கொலைகாரனைப் பன்றி ரத்தத்தால் கழுவினார்களாமே. ரத்தத்தை ரத்தத்தால் கழுவுவது என்ன நியாயம்?

இதையே கிரேக்கர் ஒருவரும் கேட்டார். சேற்றில் மிதித்தவன் சேற்றாலேயே காலைக் கழுவுவது போல இருக்கிறது என்றார் தத்துவஞானி ஹெராக்ளிடஸ். ஆகவே கேள்வி புதியதில்லை.

சடங்கு எப்படி இருந்தது என்பதற்கு லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஒரு சாடி இருக்கிறது. தென் இத்தாலியில் கி.மு. 380 அளவில் தீட்டப்பட்டது. தாயைக் கொன்ற ஒரெஸ்டீஸ் டெல்பியில் உட்கார்ந்திருக்கிறான். அப்பல்லோ அவன் தலைக்கு நேர்மேலே ஒரு பன்றிக்குட்டியைப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் பழிவாங்கும் பெண்தெய்வங்களான எரினிகள் தூங்குகிறார்கள். இறந்துபோன தாயின் ஆவி அவர்களை எழுப்பப் பார்க்கிறது. குட்டியின் ரத்தம் கொலைகாரன்மேல் வழிந்து, பிறகு கழுவப்படும். கண்ணுக்குத் தெரியாத கறையின்மேல் கண்ணுக்குத் தெரியும் கறையை ஏற்றி, இரண்டையும் சேர்த்துக் கழுவிவிடுவது என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

அதற்கு முன்புவரை கொலைகாரனோடு யாரும் பேசவோ ஒரே பாத்திரத்தில் குடிக்கவோ மாட்டார்கள். ஒரெஸ்டீஸ் ஏதென்ஸுக்கு வந்தபோது அவனை விரட்டவும் மனமில்லாமல், கூட உட்கார்ந்து குடிக்கவும் முடியாமல், எல்லோருக்கும் ஆளுக்கொரு தனிக்குடுவை கொடுத்து மௌனமாகக் குடிக்க வைத்தார்களாம். அந்த ஊரின் ஆந்தெஸ்டீரியா விழாவின் குடுவை நாளில் ஆளுக்கொரு குடுவை வைத்துக்கொண்டு பேசாமல் குடிக்கும் வழக்கத்துக்கு இதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். ஒருவனை அவமானப்படுத்தாமல் ஒதுக்க ஒரு ஊரே தன்னைத்தானே ஒதுக்கிக்கொண்ட கதை இது.

10. தெரியாமல் செய்தால்? எடிப்பஸ் பாவம், அவனுக்கு எதுவுமே தெரியாதே?

தான் கொன்றது தந்தையை, மணந்தது தாயை என்று அவனுக்குத் தெரியாது. ஆனாலும் கறை கறைதான், தீப்ஸ் நகரமே நோயில் விழுகிறது. 1ஆம் பதிலை மறுபடி பாருங்கள்: துணியில் சாயம் கொட்டியது தெரிந்தா தெரியாமலா என்று துணி கேட்பதில்லை.

ஆனால் நடைமுறைச் சட்டம் கேட்டது. ஏதென்ஸில் வேண்டுமென்றே கொன்றதற்கும் தவறிக் கொன்றதற்கும் தனித்தனி நீதிமன்றங்கள் இருந்தன. தவறிக் கொன்றவன் நாட்டைவிட்டுப் போக வேண்டும். இறந்தவரின் உறவினர்கள் மன்னித்தால் திரும்பலாம். கொலை வழக்குகளைக் கூரையில்லாத இடத்தில் விசாரித்தார்கள், குற்றவாளியோடு ஒரே கூரைக்குள் இருக்கக் கூடாதென்று. தவறிக் கொன்று நாடுகடந்தவன்மேல் வேறொரு கொலைக்குற்றமும் வந்தால்? அவன் அட்டிக்கா மண்ணை மிதிக்க முடியாது. அதனால் ஃப்ரெயாட்டோ என்ற கடற்கரையில் நீதிபதிகள் உட்கார, அவன் படகில் நின்றபடியே வாதாடுவான். தீட்டையும் மதித்து, அவன் தரப்பைக் கேட்கும் கடமையையும் விடாமல் இரண்டுக்கும் நடுவில் ஒரு படகை நிறுத்தியிருக்கிறார்கள்.

11. போரில் கொன்றால்?

பொதுவாகக் கொலைத் தீட்டாக எண்ணவில்லை. ரத்தக்கறையைக் கழுவ வேண்டும், ஹெக்டர் சொன்ன மாதிரி. மாசிடோனியர்கள் மட்டும் ஒரு நாயை இரண்டாக வெட்டி இரு பக்கமும் வைத்து, நடுவே படையை நடத்திச் சென்று தூய்மையாக்கினார்கள்.

12. தாத்தா செய்ததற்குப் பேரன் ஏன் அனுபவிக்க வேண்டும்?

நீங்கள் கேட்பது ஆகோஸ் என்ற வேறு வகையைப் பற்றி. தெய்வத்தின் அடைக்கலத்தை மீறினால் வருவது அது. கி.மு. 632 அளவில் சைலோன் என்பவர் ஏதென்ஸின் ஆட்சியைப் பிடிக்க முயன்று தோற்றார். அவருடைய ஆட்கள் அக்ரோபொலிஸில் பீடத்தின் முன்னால் அடைக்கலம் புகுந்தார்கள். ஒன்றும் செய்ய மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து வெளியே வரவழைத்துக் கொன்றார்கள். சிலரைப் பீடத்தருகிலேயே கொன்றார்கள். பழி அப்போது பதவியில் இருந்த அல்க்மியோனிட் குடும்பத்தின்மேல் விழுந்தது. உயிரோடிருந்தவர்களைத் துரத்தினார்கள், செத்தவர்களின் எலும்பையும் தோண்டி எல்லைக்கு வெளியே எறிந்தார்கள். நகரத்தைத் தூய்மையாக்கக் கிரீட் தீவிலிருந்து எபிமெனிடீஸ் என்ற ஞானி வந்தார் என்றும், கறுப்பு வெள்ளை ஆடுகளை அரியோபாகஸ் குன்றிலிருந்து அவிழ்த்துவிட்டு அவை படுத்த இடத்தில் எல்லாம் பலியிடச் செய்தார் என்றும் சொல்வார்கள்.

இருநூறு வருடம் கழித்து, பெரிய போர் மூளும் நேரத்தில், அந்தப் பழிகாரர்களை வெளியேற்றுங்கள் என்று ஸ்பார்ட்டா தூது அனுப்பியது. குறி ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸ், அவருடைய தாய் அந்தக் குடும்பம். அவரை நிஜமாகவே வெளியேற்றிவிடுவார்கள் என்று ஸ்பார்ட்டாக்காரர்கள் நினைக்கவில்லை, ஊருக்குள் அவர் பெயரைக் கெடுக்கத்தான் பார்த்தார்கள் என்கிறார் துசிடிடீஸ். ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவின் பழைய பழிகளை எடுத்துக்காட்டிப் பதில் கொடுத்தது. உங்கள் கேள்விக்கு என் பதில்: அனுபவிக்கக் கூடாது. பரம்பரைப் பழி என்று ஒன்று வந்துவிட்டால் அது அரசியல் கையில் ஆயுதமாகும். அது அப்போதே நடந்துவிட்டது.

13. மாதவிலக்கின்போது வழிபடக் கூடாதா? யாரைக் கேட்டாலும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளிலிருந்து நமக்குக் கிடைத்திருக்கும் கிரேக்கத் தூய்மை விதிகளில் மாதவிலக்கு பற்றிய பேச்சே இல்லை. பிரசவத்தைப் பற்றியும் உடலுறவைப் பற்றியும் அவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள் இதை வெட்கப்பட்டு விட்டிருப்பார்கள் என்று தோன்றவில்லை.

பிற்காலத்தில், அதுவும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த தெய்வங்களின் கோயில்களில், அது வருகிறது. ரோமானியர் காலத்தில் அட்டிக்காவின் தெற்கே, லௌரியோன் வெள்ளிச்சுரங்கப் பகுதியில், ஸாந்தோஸ் என்ற அடிமை மென் என்னும் ஆசியா மைனர் நிலாத் தெய்வத்துக்குக் கோயில் அமைத்து விதி எழுதினார். பூண்டு, பன்றிக்கறி, உடலுறவு என்றால் தலைக்குக் குளித்துவிட்டு அன்றே வரலாம். மாதவிலக்கு என்றால் ஏழு நாள், பிணம் என்றால் பத்து நாள், கருக்கலைவு என்றால் நாற்பது நாள். அது அந்தக் கோயிலின் விதி. அதைத் தூக்கிவந்து உங்கள் வீட்டு ஹெஸ்டியாவின் தலையில் கட்ட வேண்டியதில்லை. கை கழுவிவிட்டு விளக்கேற்றுங்கள்.

14. தெய்வமே தீட்டாகுமா? அப்படியானால் அது என்ன தெய்வம்?

சோஃபோக்ளீஸின் 'ஆண்டிகனி' நாடகத்தில் தீப்ஸ் அரசன் கிரெயோன் இதையேதான் சொல்கிறான். நகரத்தின்மேல் படையெடுத்து இறந்த பாலினீசஸின் பிணத்தைப் புதைக்க விடாததால் பறவைகளும் நாய்களும் தசையைக் கொண்டுவந்து பீடங்களில் போடுகின்றன, தெய்வங்கள் நம் பலியை ஏற்கவில்லை என்று குறிசொல்லும் டைரீசியஸ் எச்சரிக்கிறார். எந்த மனிதனாலும் தெய்வங்களைத் தீட்டாக்க முடியாது, எனக்குத் தெரியும் என்கிறான் கிரெயோன். வாக்கியத்தில் தப்பில்லை. ஆனால் அதை ஒரு பிணத்தை வெட்டவெளியில் போட்டுவைக்கச் சாக்காகச் சொல்கிறான், வீடே அழிகிறது.

தெய்வத்தின் இடமும் உருவமும் அழுக்காகும் என்பது வழக்கம். ஏதென்ஸில் வருடத்துக்கொரு நாள் பிளிண்டீரியா விழாவில் அதீனாவின் பழைய மரச்சிலையின் ஆடையைக் களைந்து, மூடி மறைத்துக் கழுவுவார்கள். அன்று ஊரில் யாரும் முக்கியமான காரியம் தொடங்க மாட்டார்கள். கி.மு. 407இல் ஏதென்ஸின் தளபதி அல்கிபியாடிஸ் பல வருடம் கழித்து ஊருக்குத் திரும்பியது சரியாக அந்த நாளில். பலர் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை.

15. மனசு சுத்தமாக இருந்தால் போதாதா? இந்தத் தண்ணீரெல்லாம் எதற்கு?

எபிடாரஸ் கோயிலில் எழுதியிருந்தது: மணம் கமழும் கோயிலுக்குள் வருபவர் தூயவராக இருக்க வேண்டும், தூய்மை என்பது நல்லதை நினைப்பது. நல்லவருக்கு ஒரு துளி போதும், கெட்டவரைக் கடல் முழுவதும் கழுவாது என்ற கவிதை ஒன்றும் டெல்பியின் பெயரில் வழங்கியது. 'ஹிப்போலிடஸ்' நாடகத்தில், கணவனின் மகன்மேல் ஆசைப்பட்டு உள்ளுக்குள் வாடும் ஃபீட்ராவிடம், உன் கை ரத்தம்படாமல் தூய்மையாகத்தானே இருக்கிறது என்று தாதி கேட்கிறாள். கை தூய்மைதான், மனசில்தான் கறை என்கிறாள் ஃபீட்ரா. ஆக, மனசைப் பற்றி அவர்கள் நன்றாகவே யோசித்தார்கள்.

ஆனால் அந்த எபிடாரஸிலும் தண்ணீரை யாரும் கைவிடவில்லை. இரண்டும் வேண்டும் என்பதுதான் என் எண்ணமும். மனசு நல்லதாக இருக்கிறதா என்று நமக்கே சரியாகத் தெரிவதில்லை. கை கழுவியது தெரியும். அந்த ஒரு நிமிடத்தில் சில்லென்ற தண்ணீர் கையில் படும்போது, வெளியே இருந்த எதையோ வாசலில் விட்டுவிட்டு வருகிறோம்.

16. எங்காவது தீட்டுப்பட்டிருப்பேனோ என்று எப்போதும் பயமாக இருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு தடவை குளிக்கிறேன்.

தம்பி, அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் இப்படி ஒருவரை எழுதியிருக்கிறார். வாயில் லாரல் இலையை அடக்கிக்கொண்டு நாளெல்லாம் திரிவார், பிரசவ வீட்டுப் பக்கமே போக மாட்டார், மரநாய் குறுக்கே போனால் மூன்று கல் எறியாமல் நகர மாட்டார், வீட்டுக்கு அடிக்கடி தீட்டுக்கழிப்பார். இவரைத் தியோஃப்ராஸ்டஸ் பக்திமான் என்று சொல்லவில்லை, தெய்வ பயம் பிடித்தவர் என்றார். வலிப்புநோயைத் தெய்வக் குற்றமென்று சொல்லிச் சடங்கு விற்றவர்களை ஹிப்போகிரட்டீஸ் மரபு மருத்துவர் ஒருவர் கடுமையாகக் கண்டித்தார். தெய்வம் மனித உடலைத் தூய்மையாக்குமே தவிரத் தீட்டாக்காது என்றார் அவர்.

சைரீன் கல்வெட்டின் மூன்று நாளை நினைவில் வையுங்கள். அன்றாட வாழ்க்கையில் வரும் தீட்டுக்கெல்லாம் ஒரு கடைசி நாள் இருந்தது. உங்கள் பயத்துக்குக் கடைசி நாளே வரவில்லை என்றால், கழுவக் கழுவ ஆறவில்லை என்றால், தயவுசெய்து ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஹெஸ்டியா காத்திருப்பாள்.

17. இன்று இந்த வழிபாட்டைச் செய்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

கிரேக்க அரசு 2017இல் இந்தச் சமயத்தை 'அறியப்பட்ட சமயம்' என்று ஏற்றுக்கொண்டது. கிரேக்கத்துக்கு வெளியிலும் தனித்தனியாக வழிபடுபவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் ஒரு கிண்ணத்தில் உப்புநீர் எடுத்து, ஒரு லாரல் இலையையோ குச்சியையோ கொளுத்தி அதில் அணைத்து, அந்த நீரில் கையும் முகமும் கழுவிக்கொள்கிறார்கள். 7ஆம் பதிலில் சொன்ன கொள்ளிதான் அது. லாரல் இலைக்கு நம் கடையில் கிடைக்கும் பிரிஞ்சி இலை சரியா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது வேறு மரத்தின் இலை. ஆனால் அணைக்கப்போவது நெருப்பை; எந்தச் சுத்தமான குச்சியும் ஆகும்.

சாவு வீட்டுக்குப் போய்வந்தால் குளித்துவிட்டு அடுத்த நாள் வழிபடலாம் என்பது நான் சொல்வது. சொந்த வீட்டில் என்றால் மனம் சொல்லும்வரை காத்திருங்கள். விளக்கை மறுபடி ஏற்றும்போது ஆர்கோஸ்காரர்கள் செய்த மாதிரி பக்கத்து வீட்டிலிருந்து நெருப்பு வாங்கி ஏற்றலாம். அம்மாவை இழந்த ஒரு பெண்ணுக்கு இதைச் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் ஒரு அகலில் நெருப்பு வாங்கிவந்து, வழியில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு வந்ததாக எழுதியிருந்தாள்.

18. கடைசியாக ஒன்று. நண்பன் தீராத தீட்டில் இருக்கிறான் என்றால், விலகிப்போவதுதான் சரியா?

யூரிபிடீஸின் 'ஹெராக்ளீஸ்' நாடகத்தில் ஹெராக்ளீஸ் பித்துப்பிடித்துத் தன் மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றுவிடுகிறான். புத்தி தெளிந்ததும் தலையில் துணியைப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுகிறான். பழைய நண்பன் தீசியஸ் வருகிறான். என் தீட்டு உனக்கும் ஒட்டும், ஓடிப்போ என்கிறான் ஹெராக்ளீஸ். நண்பர்களிடமிருந்து நண்பர்களுக்குப் பழி தொற்றாது என்று சொல்லித் துணியை விலக்கச் சொல்கிறான் தீசியஸ். என்னோடு ஏதென்ஸுக்கு வா, அங்கே உன் கைகளைத் தூய்மையாக்குகிறேன் என்றும் சொல்கிறான். சடங்கை அவன் மறுக்கவில்லை. அதற்காகத் தொடாமல் காத்திருக்கவும் இல்லை.

ஹெராக்ளீஸ் எழுந்திருக்கத் தீசியஸ் கை நீட்டுகிறான். ரத்தம் உன் உடையில் பட்டுவிடுமே என்று ஹெராக்ளீஸ் தயங்குகிறான். துடைத்துக்கொள், எனக்கு ஒன்றும் மறுப்பில்லை என்கிறான் தீசியஸ்.